பார்ட்லியின் கோணல் பல்

என்னிஸ்,
திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விடாதீர்கள். நான் நலம்.

பால் லாரி ஓட்டப்போய்ப் புல்லாங்குழலை விட்டுவிட்டு, அறுபது வயதுக்குப் பிறகு மறுபடி அதை எடுத்த பார்ட்லி கான்சிடைனுக்குப் போன வாரம் பல்செட் செய்தேன். எழுபத்தாறு வயதில் அவருக்குச் சனிக்கிழமை கால்வே நகரில் கச்சேரி இருந்தது. மில்லிமீட்டர் பிசகாமல் நேராகச் செய்தேன். நம் ஊர் டோனிகாலை வைத்தே என்னைக் கூப்பிடும் அவர், மறுநாளே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"டோனிகால்காரா, பல்லு ரொம்ப அழகுப்பா. பொணத்துக்கு மாட்டலாம். ஊதினா வெறும் காத்துதான் வருது!"

"அளவு சரியாத்தான் இருக்கு."

"அளவு சரிதான். என் பழைய பல்லு கோணல்டா! அதுலதான் ஊதிப் பழக்கம்!"

எரிச்சல்தான். ஆனாலும் அவருடைய பழைய படத்தைப் பார்த்து ஒரு முன்பல்லைக் கோணலாக்கினேன். என் பல் லேபிலேயே வாசித்துப் பார்த்தார்; சுரம் சுத்தமாக வந்தது. பாத்திரம் கழுவும்போது நீங்கள் முனகுவீர்களே, அந்த மெட்டு. அதன் பெயரை எழுதுங்கள். கம்பளிக் காலுறையும் நீங்கள் சுடும் சோடா ரொட்டியும் அனுப்புங்கள்; கடை ரொட்டி வாயில் வைக்க முடியவில்லை.

சனிக்கிழமை நானும் போனேன். அரங்கமே எழுந்து கைதட்டியது. பார்ட்லி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் இதுவரை செய்ததிலேயே கோணலான பல் அதுதான், அம்மா. இனி அதில் கை வைக்க மாட்டேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகன்,
ஃபியக்ரா