கொட்டாஞ்சேனையில் நாம் கைதட்டிய மாலை

இன்று கொழும்பு காலி வீதியில், ஒரு நடைபாதைக் கடையில் ஓர் ஆபிரிக்க நாவலைக் கையில் எடுத்தேன். ஈரமேறிய பழைய தாளின் மணம். உடனே உன் நினைவு வந்தது.

போர்க்காலத்தில் நாம் இரு தோழிகளும் இங்கே வெள்ளவத்தையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். வேலைவிட்டு வந்து நான் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைப்பேன்; நீ கட்டிலில் சாய்ந்தபடி, வாசித்துக்கொண்டிருக்கும் ஆபிரிக்க நாவலைத் தமிழில் சொல்வாய். அவற்றில் ஒன்று: வெள்ளைக்காரரிடம் சிறையிருந்த ஒருவன் நாட்டின் தலைவனாகிறான், தன்னோடு சிறையிருந்த தோழனையே அதே சிறையில் அடைக்கிறான். "வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் இருந்த கதிரை போகேல்லை" என்றாய். ஆனால் தலைவனைவிட, அவன் கூட்டங்களுக்குப் போகும் சனங்கள் மீதுதான் உனக்குக் கூடுதல் கோபம். "ஏன் கைதட்டுகினம்? சும்மா இருக்கலாந்தானே."

அந்தக் கதை பாதியில் நிற்கையில்தான் பொலிஸார் அறையைச் சோதிக்க வந்தார்கள். புத்தக அட்டையில் துப்பாக்கியோடு ஒரு படையாள். "இது என்ன?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"கதைப் புத்தகம். ஆபிரிக்காவில நடக்கிறது" என்று நீயும் சிங்களத்திலேயே சொன்னாய்.

கதையைச் சொல்லச் சொன்னார். தலைவனின் அட்டகாசங்களைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார்.

நீ திரும்பி வரவில்லை. யாரோ சொல்லி, கொட்டாஞ்சேனையில் ஓர் அரசியல்வாதியின் வாசலில் நாள்தோறும் போய் நின்றேன். கடைசியில் அவர் ஒரே தொலைபேசி அழைப்பில் உன்னை வெளியே எடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை எங்கட கூட்டம். ரெண்டு பேரும் கட்டாயம் வரவேணும்" என்றார்.

போனோம். முன்வரிசையில் இருத்தினார்கள். தமிழருக்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று அவர் முழங்கியபோது மண்டபம் கைதட்டியது. நான் தட்டினேன். சற்றுப் பொறுத்து, மடியைப் பார்த்தபடி, நீயும் தட்டினாய்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாய்: "நீ என்னத்துக்கடி தட்டினனி?"

"நீ வந்திட்டாய். அதுக்கு."

என் கையைப் பிடித்தாய். வெள்ளவத்தையில் இறங்கும்வரை விடவில்லை.

அதன்பின் நீ கதை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கனடா போனாய். போன மாதம் அங்கேயே நீ காலமாகிவிட்டதாக உன் தங்கை அழைத்துச் சொன்னாள்.

இப்போதும் தொலைக்காட்சியில் யாராவது மேடையேறினால், பேசுகிறவரை விட்டுவிட்டுச் சனங்களின் முகங்களைத்தான் பார்க்கிறேன். இவர்களில் யார், யாரை வீட்டுக்குக் கூட்டிவருவதற்காகத் தட்டுகிறார்கள் என்று தேடுகிறேன். அதைச் சொல்லலாமென்று பக்கத்தில் திரும்பினால், ஆளில்லை.