சிவப்பான பட்டுத் தாள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

என் வேலைதான் தெரியுமே. பட்டுப்புழுக் கூட்டை வேகவைத்து, அதன் புரதத்தைக் கண்ணாடி மாதிரி மெல்லிய தாளாக்குவோம். கையில் ஒட்டி விளக்கடியில் பார்த்தால் பச்சையாகத் தெரியும். வியர்வையில் சர்க்கரை கூடினால் சிவப்பாகும். தாளைச் செய்தவரே முதலில் ஒட்டிக்கொள்வது எங்கள் ஆய்வகத்தில் வழக்கம், சர்க்கரை நோயில்லாத ஆள் என்ற கணக்கில்.

திங்கட்கிழமை என் கையில் தாள் சிவந்துவிட்டது. "சரியா வேகவைக்கலை போல, மேடம்" என்று மழுப்பினேன். மேடம் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பக்கத்து மேசைக்காரி அதே தாளில் ஒரு துண்டை வெட்டித் தன் கையில் ஒட்டினாள். பச்சை. நானும் இன்னொரு துண்டு ஒட்டிப் பார்த்தேன். சரி, அதை விடு.

இந்தத் தடவை பார்சலில் இனிப்பு வைக்காதே, அறையில் எறும்புத் தொல்லை. உன் பழைய போர்வை ஒன்று அனுப்பு, போதும்.

மேடம் கூப்பிடுகிறார். அப்புறம், அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது என்ன வயது? சும்மாதான் கேட்கிறேன், அவரிடம் சொல்லாதே. நாற்பதைத் தாண்டியிருந்தார்தானே, அம்மா?

உன் வாயாடி