வீட்டு ஆட்களுக்கு இல்லாத டப்பா

மார்ச் 3, செவ்வாய்

இன்று முகத்தில் பச்சைப் பூச்சு கூடிவிட்டது. பயறளவு எடுத்து மோதிர விரலால் தட்டித் தட்டி வைக்க வேண்டும், தேய்க்கவே கூடாது என்று அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அவசரத்தில் தேய்த்துவிட்டேன். மேலே ஃபவுண்டேஷன் போட்டும் கன்னம் சாம்பலாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? நாலு சுவரிலும் நிலைக்கண்ணாடி. ஃபிரேம் மாட்டிப் பார்க்க வருகிறவர்களோ என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி உட்காருகிறார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா, உடம்பு சரியில்லயா?" என்றார். கண்ணாடியைக் கழற்றியிருந்தவர். அவருக்கே தெரிந்திருக்கிறது.

ஆனாலும் பச்சை இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. ஒரு வருஷமாகக் கன்னம் இரண்டும் அறை வாங்கியதுபோல் சிவந்து கிடக்கின்றன. சிவப்பைப் பச்சை அடக்கும் என்று சொல்லி அதை வாங்கித் தந்தவள் அக்காதான். தன் வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருக்கிறாள். அவள் இருக்கும்போது எனக்கென்ன குறை.

மார்ச் 5

முகம் வெளுக்க அக்கா செய்து தரும் வெள்ளை க்ரீம் தீர்ந்து இரண்டு நாள். முகம் எரிகிறது.

மார்ச் 8, ஞாயிறு

க்ரீம் வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் யாருக்கோ புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் மகள்தான் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கல்லூரிக்குப் போகிறவள், முகம் பளிங்காக இருக்கிறது.

"நீயும் இதானே போடுற?" என்றேன், விளையாட்டாக.

"ஐயோ, இல்ல சித்தி. ஒரு தடவ எடுத்ததுக்கே அம்மா கையில பட்டுனு அடிச்சாங்க. இது வீட்டு ஆளுங்களுக்கு இல்லயாம்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அப்போ நான் யாரு?

மார்ச் 9

மதியம் லீவு போட்டுத் தோல் டாக்டரிடம் போனேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரும் இல்ல, ஊரும் இல்ல. எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து சிவக்கும். "நிறுத்தினதும் கொஞ்ச நாள் இன்னும் சிவக்கும். பயந்துபோய்த் திரும்பப் போட்டுடாதீங்க."

அக்காவுக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல்தான் — அப்படியானால் மகளை ஏன் அடித்தாள்?

மார்ச் 11

அக்காவிடம் கேட்டுவிட்டேன். தெரியவே தெரியாது என்று முதலில் பச்சையாகப் புளுகினாள். மகள் சொன்னதைச் சொன்னேன். பஞ்சை எடுத்து மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"எல்லாருக்கும் சிவக்காதுடி. சில பேருக்குத்தான். உனக்குச் சிவந்துச்சுன்னு தெரிஞ்சதும் நான்தானே பச்சைய வாங்கிக் கொடுத்தேன்?"

ஒரு வருஷமாகத் தெரியும். என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தாளே, அந்த நாளிலிருந்தே தெரியும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். நான் தொட்டில் ஆடுகிற சுகத்தில் கிடந்திருக்கிறேன்.

"கறுத்துட்டேன் கறுத்துட்டேன்னு யாருடி அழுதது?" என்றும் கேட்டாள். நான்தான். அதற்காக?

மார்ச் 12

அம்மா போன் செய்தாள். "அவ பொழப்புல மண்ணப் போட்டுடாத. வெளிய மூச்சு விடாத." என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 14

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

கடையில் பில் போடும் பெண்ணுக்கு நான்தான் இரண்டு மாதம் முன்பு அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தேன். "எங்க அக்கா செய்றது, கண்ண மூடிட்டுப் போடு" என்று சொல்லிக் கொடுத்தேன். இன்று வந்து, "இன்னொண்ணு வேணுமே. கன்னம் ரோஸா ஆயிடுச்சுன்னு எங்கம்மா சொல்றாங்க" என்று சிரிக்கிறாள்.

ரோஸ். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"அக்கா ஊர்ல இல்ல" என்றேன்.

மார்ச் 15

சொல்லவில்லை. அவளுக்கு இன்று லீவு. அது ஒரு சாக்கு.

மார்ச் 16

கடைக்குப் போகவில்லை. முகத்தில் பச்சையும் நிற்கவில்லை. இந்தச் சிவப்புக்கு முன்னால் தக்காளி தோற்றுப்போகும்.

மார்ச் 17, செவ்வாய்

எதுவும் பூசாமல் போனேன். கடை திறந்ததும் நேராக அவளிடம் போய், என் முகத்தைப் பார்க்கச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தேன். உன்கூட நானே வருகிறேன் என்றேன். அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன வாரம்."

"சனிக்கிழம நான் கேட்டப்போ?"

"தெரியும்."

தலையை ஆட்டினாள். டாக்டர் பெயர் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள்.

"கஸ்டமர் நிக்கிறாங்க, மேடம்" என்றாள்.