நீ வரைந்த பால்காரி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் சித்தி, மாடுகள் எல்லாரும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு சந்தேகம், போனில் கேட்டால் மழுப்பிவிடுவாய் என்று எழுதுகிறேன்.

நான் பால் கறக்கிற மாதிரி நீ வரைந்து அனுப்பிய படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பா அதைத் தீவன மூட்டை மேல் சாய்த்து வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மாடு அச்சு அசல் நம்ம மாடுதான், கறக்கிற அம்மா யாருன்னுதான் தெரியல" என்றார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். என் பழைய சட்டை, முழங்கால் இடுக்கில் வாளி, தலையில் கட்டிய துணி எல்லாம் சரி, ஆனால் கழுத்தெலும்பு இப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது? "உங்கம்மாவுக்குக் கழுத்தெலும்பு இருக்குன்னே இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதுன்னு எழுது" என்கிறார் அப்பா. அவருக்கு வாய்க்கொழுப்பு. நானும் சிரித்துக்கொண்டேதான் படத்தைக் கூடத்தில் மாட்டினேன்.

மறுநாள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து தனியாக நின்று பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. புருவத்தில் ஒரு தழும்பு. சின்ன வயதில் வைக்கோல் போரிலிருந்து குதித்து நீ வாங்கிக்கொண்டது. எதிரில் உட்கார ஆள் இல்லாமல் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாய், இல்லையா கள்ளி? அப்படியானால் கழுத்தெலும்பும் உன்னுடையது, கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பும் உன்னுடையது. போனில் மட்டும் "நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன்மா" என்று கதை அளக்கிறாய். முகத்தைக் காட்டச் சொன்னால் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். மாட்டைக் கொழுகொழுவென்று வரையத் தெரிந்தவளுக்கு, தன்னையும் கொஞ்சம் பூசினாற்போல் வரைந்து அம்மாவை ஏமாற்றத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடி.

என்ன ஆயிற்று என்று இப்போது சொல்ல வேண்டாம். வேலையோ மனசோ, எதுவானாலும் நேரில் பார்த்துக்கொள்ளலாம். மாடுகளைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டேன், அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். எதிரில் உட்கார்ந்து தருகிறேன், இந்தத் தடவை என்னையே வரை. ஆனால் நீ வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தூரிகையைத் தொட விடுவேன்.

நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு, என் தங்கமே. எனக்கு ஒரு தலையணை எடுத்து வை. வர வேண்டாம் என்று சொல்வதற்குப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா