அழாத குழந்தை

என் வீட்டுக்காரிக்கு உன் கிழவன் எழுதுவது. இது யாரிடமும் சொல்லி எழுத வைத்ததல்ல, என் கையாலேயே எழுதுகிறேன், நம்பு! இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான் பெருக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் தாயும் குழந்தையும் விளையாட ஓர் அறை உண்டு. நேற்று ஒரு தாய் குழந்தையை விட்டுவிட்டு வெளியே போனாள். அது வீறிட்டு அழுதது. மனசு கேட்காமல் உள்ளே ஓடித் தூக்கிக்கொண்டேன்.

அறைச் சுவரில் பதித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்துக்கொண்டிருந்த உளவியல் டாக்டரம்மா ஓடிவந்தார். “ஐயோ தாத்தா, காரியத்தையே கெடுத்துட்டீங்களே! அம்மா திரும்பி வந்ததும் என்ன பண்ணுதுன்னு பாக்கத்தானே விட்டோம்?” என்றவர், பிறகு சிரித்துவிட்டார்.

அடுத்த குழந்தை அழவே இல்லை. தாய் திரும்பி வந்தபோதும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இதுதாம்மா சமத்து” என்றேன்.

“அப்படிச் சொல்லிட முடியாது தாத்தா. சிலது வெளிய காட்டாது, உள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.”

அதிலிருந்து குழம்பிப்போய் இருக்கிறேன். நான் கிளம்பிய அன்று நீயும் அழவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியை இறுக்கித் தந்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாய். என் பெண்டாட்டி தைரியசாலி என்று இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அது தைரியமா, தவிப்பா? டாக்டரம்மாவிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. நீயே சொல்.

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். நான் திரும்பி வரும்போது நீ நிமிர்ந்து பார்க்காமல் துணி மடித்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் மடிக்கிறேன்.

உன் கிழவன்