நயமாகச் சொல்லும் பாடம்

திருப்புலிவனம்
3-11-2024

சோபியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நானும் உன் மகள் ஷாரோனும் உயிரோடிருக்கிறோம். நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன். அதில் அழுகிறாய், நான் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. எழுது, படிக்கிறேன்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் அண்ணன் வசந்த்குமார் அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். ஷாரோன் மெழுகுவத்தி ஏற்றினாள். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றேன். ஆடி மாதம் உங்கப்பா செத்த அன்றைக்கும் அதையேதான் சொன்னேன். காலையிலேயே உனக்குப் போன் போட்டேன். நீ பரீட்சையை முடித்துவிட்டு, பச்சைச் சுடிதாரில், நாங்கள் மண்வெட்டி கழுவும்போது வந்தாய். பெற்றவனுக்கு மண் போடாத கை இந்த வீட்டுச் சோற்றில் நனையக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன். அதில் மாற்றமில்லை. அப்படி ஓடியும் தேறவில்லையாமே.

மழை பரவாயில்லை. ஏரியில் பாதி தண்ணீர்.

அம்முலு


சென்னை
14-11-2024

அன்புள்ள அம்மாவுக்கு சோபியா.

ஷாரோனை இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல். முட்டை கொடு.

இங்கே தினகரன் சார் நர்சுகளுக்கென்று இங்கிலீஷ் நடத்துகிறார். இந்த வாரம் முழுக்க கேன், குட், மே, மைட், ஷுட், மஸ்ட். வெளிநாட்டு வேலைக்கான பரீட்சையில் நோயாளியைப் ‘படு’, ‘கையை நீட்டு’ என்றால் மார்க் போய்விடும். ‘கொஞ்சம் படுத்துக்கொள்ள முடியுமா’ என்று கேட்க வேண்டும். எனக்கு வாயைத் திறந்தால் ‘மஸ்ட்’தான் வருகிறது. “சோபியா, நீ நர்ஸா, இல்ல போலீஸா?” என்கிறார் சார்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அப்பா இறந்த அன்றைக்குப் பேச்சுப் பரீட்சையில் நான் நர்சு. எதிரே இருந்த அம்மாள் நோயாளியின் மகளாக நடித்தாள். கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அவள் அப்பா இறந்துபோனதை நான் நயமாக அவளிடம் சொல்ல வேண்டும். முந்தின நாள்வரை எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஒன்றும் வரவில்லை. நீ போனில் “உங்கப்பன் செத்துட்டான், வா” என்றாயே, அதையே இங்கிலீஷில் சொன்னேன். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதில்தான் போயிற்று.

டிசம்பரில் மறுபடி பரீட்சை. தேறினால் இங்கிலாந்தில் வேலை. ஷாரோனைக் கூட்டிக்கொண்டு போவேன். அவளைத் தயாராக வை.

உன் மகள்
சோபியா


திருப்புலிவனம்
22-11-2024

சோபியாவுக்கு.

கடிதம் வந்தது. நயமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாயா? செத்தவனைச் செத்திருக்கலாம் என்று சொல்லவா? பத்து வயசில் அடுத்தவர் வயலில் இறங்கினேன். நாற்றைப் புடுங்கு, கட்டு, தூக்கு. இதுதான் என் காதில் விழுந்த பேச்சு. ‘அம்முலு, கொஞ்சம் குனிய முடியுமா’ என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.

அந்த அட்டை சங்கதியைத் திரும்பவும் படித்தேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். தோன்றவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். உங்கப்பா போனதிலிருந்து சோற்றில் உப்பு இருக்கிறதா என்றுகூட ஷாரோன்தான் சொல்கிறாள்.

அவளைத் தயாராக வை என்று எழுதியிருக்கிறாய். அவள் நெல் மூட்டையில்லை. உன் புருஷன் விட்டுப்போன வருஷம், எட்டு மாசப் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு “பாத்துக்கோம்மா” என்று டூட்டிக்கு பஸ் ஏறினாய். அன்றைக்கும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை.

அனுப்ப மாட்டேன்.

அம்முலு


சென்னை
2-5-2025

அன்புள்ள அம்மாவுக்கு.

டிசம்பரில் தேறிவிட்டேன். விசா வரட்டும் என்று இத்தனை நாள் எழுதவில்லை. இந்த முறை அட்டையில் சர்க்கரை நோய்க்காரர். இனிப்பு சாப்பிடக் கூடாது என்பதை அவர் மனம் கோணாமல் சொன்னேன். எனக்கு விசா வந்துவிட்டது. ஷாரோனுக்கு இங்கே அழைத்துவந்துதான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடமும் லீவு.

நீ எழுதியது உண்மை. நான் கேட்டதே இல்லை. வகுப்பில் ஊரார் எல்லோரிடமும் கேட்கப் பழகினேன், உன்னிடம் பழகவில்லை. இப்போது கேட்கிறேன். ஷாரோனை என்னோடு அழைத்துக்கொண்டு போகட்டுமா? நீ வேண்டாம் என்றால் நான் மட்டும் போகிறேன். சண்டை போட மாட்டேன்.

உன் மகள்
சோபியா


திருப்புலிவனம்
11-5-2025

சோபியாவுக்கு அம்மா.

கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று எழுதிக் கிழித்தேன். சரி என்று எழுதவும் வரவில்லை. அதனால் அவளையே கேட்டேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மாகிட்ட போறியா, இங்கியே இருக்கிறியா?”

“நீ வர்றியா ஆயா?”

“நான் எதுக்கு?”

தேய்த்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். “அம்மாகிட்ட போறேன்” என்றாள்.

அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் வசந்த்குமார் அவளை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவருவான். நீ அங்கேயே நில். வீட்டுக்கு வர வேண்டாம், அது வேறு, இது வேறு. துணியெல்லாம் துவைத்துவிட்டேன். தலையைப் பின்னும்போது இழுக்காதே. தூக்கத்தில் எழுப்பினால் உதைப்பாள், அதற்கு அடிக்காதே. போய்ச் சேர்ந்ததும் எழுது.

நேற்று சாப்பிடும்போது கேட்டாள். “நான் பூட்டா நீ தனியா இன்னா பண்ணுவே?”

“நாத்து ரெடியா கீது, நடணும்” என்றேன்.

“சரி” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அம்முலு