லட்சுமி மலையிறங்க ஒரு மெசின்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலை முழுக்க மூடுபனி. கொட்டகலை பசாரில் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. எழுத்து வெட்டும் மெசின் வந்துவிட்டது, துணியில் சூட்டால் ஒட்டும் அமுக்கியோடு. பழையதுதான், கண்டியில் கடையை மூடியவரிடம் வாங்கியது. டீசேர்ட் ஓடர் எடுத்து, எழுத்து ஒட்டக் கண்டிக்கு அனுப்பிவிட்டு வாய் பார்த்துக்கொண்டிருந்தது போதும். இனி வெட்டுவதும் ஒட்டுவதும் இங்கேயே.

எதற்கு என்று எழுதி வைக்கிறேன். லட்சுமி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்த வேண்டும். பதினாறு வருஷம் மலை ஏறிவிட்டாள், முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏப்ரலில் இருந்து என்னோடு கடையில் இருப்பாள். புருஷனாக நான் உருப்படியாகச் செய்யும் முதல் காரியம்.

முதல் நாள் நிலவரம்: கத்தி, எழுத்து வெட்டும் வினைல் தாளைத் தாண்டி அடிப் பிளாஸ்டிக்கையும் அறுத்தது. கத்தியை ஏற்றினேன். தாளே அறுபடவில்லை. ஒரு ‘அ’கூடத் தேறவில்லை.

பெப்ரவரி 5, வியாழன்

வெயில். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி ஓடர், 18 டீசேர்ட், முதுகில் பெயர். கத்தி ஒருவழியாகச் சரி. வெட்டிய பிறகு எழுத்து மட்டும் நிற்க, சுற்றியுள்ள மிச்சத்தை ஊசியால் கிளப்பி உரிக்க வேண்டும். எனக்கு ஒரு பெயருக்கு இருபது நிமிஷம். அதிலும் இரண்டு புள்ளி காணாமல் போயின.

வேலை விட்டு நேரே கடைக்கு வந்த லட்சுமி, பிளேன்டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். நாலு நிமிஷம். கொழுந்து கிள்ளும் அதே இரண்டு விரல். ஒரு புள்ளி அசையவில்லை.

“இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?”

ஒட்டிப் பார்த்தால் பெயரெல்லாம் இடம் வலம் மாறி நிற்கிறது. கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு வெட்டியிருக்க வேண்டுமாம். ஆறு டீசேர்ட் நாசம். அவள் சிரித்தாள். நான் கத்தினேன். பிழை என்னுடையது, ஏச்சு வாங்கியது அவள்.

பெப்ரவரி 8, ஞாயிறு

தூறல். மறுபடி வெட்டி எல்லாம் ஒட்டியாயிற்று என்று நிம்மதியாக ஒன்றைத் துவைத்துப் பார்த்தேன். எழுத்து கையோடு வந்தது. மெசின் விற்றவருக்குப் போன்.

“ஒங்க ஊர்ல துணி எப்பவும் ஈரந்தான் தம்பி. தொட்டா தெரியாது. மொதல்ல வெறும் துணிய சூட்டுல அமுக்கி ஈரத்த எடுங்க. அப்புறந்தான் எழுத்து.”

பிறந்ததில் இருந்து இந்தப் பனியில் கிடக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. தாள் தீர்ந்துவிட்டது. புதிய சுருள் செவ்வாய்தான் வரும்.

லட்சுமி கேட்டாள்: “நாளைக்கு வேலைக்குப் போகாம கடைக்கு வரவா? ஒக்காந்து உரிச்சி முடிச்சிருவோம்.”

“உரிக்கத் தாளே இல்ல. சும்மா வந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பியா? மலைக்கே போ.”

கோபத்தில் சொன்னது.

பெப்ரவரி 9, திங்கள்

குளவி. பத்தரை மணிக்கு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரைக் கொட்டியது. லட்சுமிக்குத் தலை, கழுத்து, வலது கை. பக்கத்து நிரையில் நின்ற ராசாத்தி அக்கா செத்துவிட்டார். தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த காம்பரா, அடுத்த அறை. தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்கின்மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழிதான் உயிர் இருந்தது.

மலைக்கே போ என்றேன்.

பெப்ரவரி 11, புதன்

ராசாத்தி அக்காவை அடக்கம் செய்தாயிற்று. லட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னொரு தடவை கொட்டினால் உடம்பு தாங்காது என்று டொக்டர் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

பின்னேரம் தோட்டக் கமிட்டித் தலைவர் வந்தார். “திங்கக்கெழம யாரும் வேலைக்கு எறங்கல தம்பி. ஆபீசு முன்னாடி நிக்கப்போறோம். முப்பது டீசேர்ட் வேணும். முன்னால அக்கா பேரு, முதுகுல ‘குளவிக் கூட்டை அகற்று’.”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். லட்சுமிக்கு ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. “செஞ்சி குடுங்க” என்றாள்.

பெப்ரவரி 14, சனி

வெறும் துணி பத்து விநாடி. பிறகு எழுத்து, 150 பாகை, 15 விநாடி. முப்பதிலும் ஒரு பிழை இல்லை. வேலை எனக்குப் பிடிபட்டுவிட்டது. இந்தப் பெயரில்தானா பிடிபட வேண்டும்.

வலது கை வீக்கம் என்பதால் லட்சுமி இடது கையால் உரித்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. முப்பது ராசாத்தி. அழவில்லை. முடிந்ததும் தரையில் கிடந்த கழிவுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“அக்கா பேரு இருந்த தாளு. குப்பையில போட்ராதீங்க.”

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

மழை. ஆபீசு முன்னால் முப்பது பேரும் ஒரே நிறத்தில். தோட்டத்து மனேஜர் துரை குடையோடு வெளியே வந்தார். கூட்டை எடுப்பது பற்றி மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். “பதில் வந்ததும் எங்களுக்குக் காட்டுவீங்களா?” என்று ஒரு பொம்பளை கேட்டார். துரை உள்ளே போய்விட்டார். ஒரு மணிக்குக் கலைந்தோம். நாலு மணி நேரம் நனைந்தும் ஓர் எழுத்து கிளம்பவில்லை. அதில் என்ன பெருமை.

பெப்ரவரி 24, செவ்வாய்

அக்காவின் கருமாதி. சாப்பாட்டுப் பந்தியில் ஆபீசு கிளாக்கர், ராசாத்தி அக்காவின் புருஷனிடம் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

“ஒங்க காம்பராவுல இப்ப யாரு பேரும் செக்ரோல்ல இல்ல. நீங்க கொழும்புல வேல. மகளுக்குப் பதினெட்டு ஆச்சில்ல? அதோட பேர வேலைக்குப் பதிஞ்சிருங்க. இல்லாட்டி காம்பராவ விடச் சொல்லுவாங்க.”

அந்தப் பிள்ளை ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறது. பக்கத்தில் நின்று இலை எடுத்துக்கொண்டிருந்தது.

நான் ஹட்டன் டவுனில் வளர்ந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு லயத்துக்கு வந்தவன். எங்கள் காம்பராவில் அந்தச் செக்ரோலில், தோட்டத்து வேலையாள் பதிவில், இருப்பது லட்சுமி பெயர் மட்டும். படுத்த படுக்கையாக மாமா, அவள் அப்பா. இரண்டு பிள்ளைகள். அவள் வேலையில் இருந்து நின்றால் காம்பராவை விட வேண்டும்; கடையில் நான்கு பேர் நிற்கக்கூட இடமில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். இது உனக்குத் தெரியுமா?

“தெரியுங்க. நீங்க ஆசையா மெசினு வாங்குனீங்க. அதான் ஒண்ணும் சொல்லல.”

பெப்ரவரி 26, வியாழன்

வெளிச்சமான வானம், கடும் குளிர். நேற்று இரண்டு ஓடர். கிரிக்கெட் டீம், 22. கோயில் இளைஞர் மன்றம், 40.

ஆறரைக்கு லட்சுமி மலைக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினாள். இன்னும் சில நாள் போகட்டும் என்றேன். ஏற்கனவே பதினாலு நாள் செக்ரோலில் பேர் விழவில்லை, இதற்குமேல் விட்டால் கேட்பார்கள் என்றாள். இன்றைக்கு எந்த மலை என்று கேட்டேன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் சொன்னால்தான் தெரியும் என்றாள்.

வலது கையை இன்னும் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. கூடைக் கயிற்றை நான்தான் அவள் தலையில் மாட்டிவிட்டேன்.